கடைசி எழுத்தின் மேல் ஒரு புள்ளி

கிளைபேடா துறைமுகத்தில்
கப்பல்களுக்கு வைத்தியம் பார்க்கும் தளம் எங்களுடையது.
சம்பளத்துக்கு ஒரு கணினி. வாயிற்கதவுக்கு ஒன்று.
மருத்துவ அறைக்கு ஒன்று. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒன்று.
பாகப்பிரிவினைக்குப் பிறகு முகம் திருப்பிக்கொண்ட
அண்ணன் தம்பிகள் மாதிரி
ஒன்றோடு ஒன்றுக்குப் பேச்சில்லை.

அவற்றைப் பேசவைக்கத்தான்
நவம்பரிலிருந்து எனக்குச் சம்பளம்.
முதல் மாதம் அதுவும் வரவில்லை.
கதவுக்கு என்னைத் தெரியும்,
சம்பளத்துக்கு நான் இன்னும் பிறக்கவில்லை.

ஆயிரத்து இருநூற்றாறு பேர் வேலை செய்யும் இடத்தில்
தலை எண்ணினால் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
ஒருவர் பிப்ரவரி முப்பதில் பிறந்திருக்கிறார்.
போன வருடம் இறந்த பெயின்டர் ஜில்வினாஸுக்கு
வியாழன்தோறும் பீட்ரூட் சூப் ஒதுக்குகிறார்கள்.
யாரோ குடிக்கவும் செய்கிறார்கள்.

பிறகு அவள்.

எங்கள் ஊரில் பெண்ணின் குடும்பப் பெயருக்கு வால் உண்டு.
ஐத்தே என்று முடிந்தால் மகள்.
யெனே என்று முடிந்தால் மனைவி.
வெறும் ஏ என்று முடிந்தால்
உனக்கெதற்கு அந்தக் கணக்கு என்று அர்த்தம்.

கதவுக்கு அவள் ஸ்கைஸ்தே நோர்விலைத்தே.
சம்பளத்துக்கு ஸ்கைஸ்தே புத்ரிமியெனே.
மருத்துவ அறையில் இரண்டு கோப்புகள்:
பழையதில் மகள்,
புதியதில், மணவிலக்கு முடிந்து, நோர்விலே.
கடைசி எழுத்தின் மேல் ஒரு புள்ளி இருக்க வேண்டும்.
பழைய கணினிக்கு அந்தப் புள்ளி தெரியாது,
கேள்விக்குறி போட்டுவிடும்.
இருபது வருடம் அவள் பெயர்
ஒரு சந்தேகமாகவே முடிந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
எனக்கு உதவியது ஓர் ஏடுதான்:
பாதுகாப்புக் காலணி கொடுக்கும் அறையில்
எண்ணெய்க் கறை படிந்த நோட்டு.
மூன்று பெண்களுக்கும் ஒரே பிறந்தநாள்,
ஒரே கையெழுத்து,
ஒரே அளவு, முப்பத்தெட்டு.

நான்கு வரிசைகளையும் ஒட்டவைத்துப் பார்த்தேன்.
விடுப்புக் கணக்கு தாவியது.
துண்டுதுண்டாய்க் கிடந்த வருடங்கள் சேர்ந்து இருபத்தாறு,
கூடுதலாக ஏழு நாள் அவளுக்கு.
அடுத்த பக்கத்தில்
காது பரிசோதனைத் தாள்கள் இரண்டு
முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.
இடக்காதின் கோடு, சமதரை.
வலக்காதின் கோடு
முதல் தாளில் மேடு,
இரண்டாம் தாளில் பள்ளம்.
தனித்தனியே படித்த மருத்துவர்கள் இருவரும்
புது ஆள் என்று நினைத்துக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அவள் கிரேன் ஓட்டுநர்.

கூப்பிட்டனுப்பினேன்.
நாற்பத்திரண்டு மீட்டர் ஏணி இறங்கி,
கையுறையோடு, மூக்கு சிவந்து வந்தாள்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
மூன்று பெயர்களையும்
சண்டை போட்ட ஓரகத்திகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"இதில் யாருக்கு லீவு?"
"மூன்று பேருக்கும் சேர்த்து ஏழு நாள்."
"யாருக்குக் காது?"
நான் பதில் சொல்லவில்லை.

"ஆறு வருஷமாக ரேடியோவை இடப்பக்கம்தான் மாட்டுகிறேன்,"
என்றாள்.
"கீழே நிற்கும் பையன்களுக்குத் தெரியும்.
உன் கணினிகளுக்குத்தான் தெரியாது."

சேர்க்காமல் விடலாம்.
தீர்மானிக்க முடியாதவை என்று ஒரு பட்டியல் உண்டு,
அதில் போட்டால் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.
அதையும் அவளிடம் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
கொக்கியில் ஏதோ ஒரு படகின் சுக்கான்
காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.
அதற்குக் கீழே இரண்டு மஞ்சள் தலைக்கவசங்கள்.

கையுறையைக் கழற்றாமலே
விசையை அவளே அழுத்தினாள்.
"புள்ளி வை," என்றாள். "அதை மறந்துவிடாதே."

நகல்கள் மூன்று நீக்கப்பட்டன, என்றது திரை.

அவள் போனாள்.
நீக்கியவற்றில் ஒன்று
அவள் சட்டைப்பையில் இருக்கும் அட்டை என்று
அப்போதுதான் உறைத்தது.
கூப்பிட்டேன். திரும்பவில்லை.
நான் நின்றது அவளுக்கு வலப்பக்கம்.

தாழ்வாரக் கோடியில்
கதவு சிவப்பு காட்டிக் கூவியது.
கேட்காமல், தேய்த்த அட்டையையே
மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய்
கையால் திறந்துவிட்டேன்.